பிரிக்காத பொட்டலம்

மூடியிருக்கும் வரை இரண்டு பதில். திறந்துவிட்டால் ஒரே பதில். அது என்ன, சொல்லுங்கள் அக்கா.

யோசியுங்கள், அவசரமில்லை. அந்தக் கதவுக்கு மேலே எரிகிற சிவப்பு விளக்கு அணைய இன்னும் மூன்று மணி நேரம் ஆகும் என்று நர்சம்மா சொன்னார். உங்கள் வீட்டுக்காரருக்கும் அதே கதவுதானே? நான் பேசிக்கொண்டிருப்பது தொந்தரவாக இருந்தால் சொல்லிவிடுங்கள். பேச்சை நிறுத்தினால் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்காகத்தான் விடுகதை போட்டேன். என் மகளுக்கு விடுகதை என்றால் உயிர்.

முட்டையா? முட்டைக்குள் ஏது இரண்டு பதில்? வயிற்றுப் பிள்ளையா? அட, அது பொருந்துகிறது. ஆனால் நான் நினைத்தது அது இல்லை. பூப்பொட்டலம்.

உங்கள் ஊர்ப் பக்கம் இந்த வழக்கம் இல்லையா? எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போவதென்றாலும், கிணறு வெட்டுவதென்றாலும், குலதெய்வத்திடம் பூக் கேட்டுவிட்டுத்தான் செய்வோம். ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. இரண்டையும் தனித்தனியாக இலையில் மடித்து, ஒரே மாதிரி நூல் சுற்றிச் சாமி முன்னால் வைப்பார்கள். ஒரு குழந்தை வந்து ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம். அவ்வளவுதான். அதற்கு மேல் பேச்சில்லை.

எங்கள் குலதெய்வம் வீராத்தாள். ஆத்தா என்றுதான் சொல்வோம். சின்னக் கோயில். கருவறை வாசல் நெஞ்சு உயரம்தான் இருக்கும். பெரியவர்கள் உள்ளே போவதென்றால் நன்றாகக் குனிந்துதான் போகவேண்டும். அதனால் எங்கள் கோயிலில் ஒரு முறை உண்டு. குழந்தை பொட்டலத்தை எடுத்துக்கொண்டு தனியாக உள்ளே போகும். ஆத்தாவின் காலடியில் வைத்துப் பிரிக்கும். பூவை மட்டும் கையில் ஏந்திக்கொண்டு வெளியே வரும். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அப்படியே கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும். ஆத்தா சொல்லாமல் விட்டதை நாம் படிக்கக் கூடாது என்பார்கள்.

என் கையில் இருப்பது என்ன என்று பார்க்கிறீர்களா? கயிறுகள். எல்லாம் என் மகள் தாரணியுடையவை. காலையில் நர்சம்மா ஒவ்வொன்றாக வெட்டி என்னிடம் கொடுத்தார். இது பழனிக் கயிறு. இது பண்ணாரி. இந்தத் தாயத்து எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் கட்டியது. இந்தக் கறுப்புக் கயிறு அனுமார் கோயில். மொத்தம் எட்டு. பழனிக்கு முடி இறக்குவதாக வேண்டியிருக்கிறேன். பண்ணாரியில் நெருப்புக் குண்டம் இறங்குவதாக வேண்டியிருக்கிறேன். மாரியம்மனுக்குத் தீச்சட்டி. பிள்ளையாருக்கு நூற்றெட்டுக் கொழுக்கட்டை. யாரையும் விடவில்லை. யாரையாவது விட்டிருந்தால் அவர்களுக்குக் கோபம் வந்துவிடுமே. இருந்தாலும் பாருங்கள், இப்போது ஒரு காப்பும் இல்லாமல் உள்ளே போயிருக்கிறாள். நெற்றித் திருநீற்றைக்கூடத் துடைத்துவிட்டார்கள். "ஒரு துளி மட்டும் இருக்கட்டுமுங்க சிஸ்டர், காதுக்குப் பின்னால வெச்சாக்கூடப் போதும்" என்றேன். "கிருமி வந்துரும்மா" என்றார். கிருமிக்குப் பயப்படுகிறார்கள். நான் எதற்கெல்லாம் பயப்படுகிறேன் என்று அவர்களுக்குத் தெரியாது.

தாரணிக்கு ஒன்பது வயது. நெஞ்சில் ஓட்டை. பிறந்ததிலிருந்தே இருந்திருக்கிறது, எங்களுக்குத்தான் தெரியவில்லை. ஓடினால் மூச்சு வாங்கும், உதடு நீலமாகும். சளி என்று நினைத்தோம். பள்ளிக்கூடத்தில் டாக்டர்கள் வந்து பார்த்தபோதுதான் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து நான் அவளைத் தரையில் நடக்கவிடுவதில்லை. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் இரண்டு தெரு. இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் வகுப்பு வாசலில் இறக்குவேன். மத்தியானம் போய்ப் பார்ப்பேன். சாயங்காலம் தூக்கிக்கொண்டு வருவேன். அவள் கூடப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறதே, வால்கள். "இடுப்புப் பாப்பா வந்தாச்சு, இடுப்புப் பாப்பா வந்தாச்சு" என்று கை தட்டும். தாரணி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். "எறக்கி உடும்மா" என்பாள். "அதுக கெடக்குது, நீ சாஞ்சுக்கோ கண்ணு" என்பேன். எந்தத் தாய் இறக்கிவிடுவாள்?

எனக்கும் அது பழகிவிட்டது. இடுப்புச் செருகலில் அவளுக்காகத் தேன்மிட்டாய் வைத்திருப்பேன். அழுதால் கொடுக்க. நான் கொடுக்கவே வேண்டாம். கட்டிப்பிடிப்பது போலப் பிடிப்பாள். கை எப்போது உள்ளே போனது என்றே தெரியாது. மிட்டாய் வாய்க்குள் இருக்கும்.

இந்த ஆஸ்பத்திரிக்கு முதல் தடவை வந்தபோது டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். நெஞ்சு, எலும்பு, உள்ளே இதயம். நல்லவர், பொறுமையாகத்தான் சொன்னார். சொல்லிக்கொண்டே பேனாவால் மேலிருந்து கீழே ஒரு கோடு போட்டார். அந்தக் கோடுதான் அக்கா. அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. ராத்திரி கண்ணை மூடினால் அந்தக் கோடு. தாரணியைக் குளிப்பாட்டினால், சோப்புக் கை அந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிடும்.

தாரணி பயப்படவில்லை. ஒன்பது வயதுக்கு என்ன தெரியும்? நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டே டாக்டரிடம், "ஆபரேசன் பண்ணுனா நான் கோகோ ஆடலாமா?" என்று கேட்டாள். "ஆடலாம். ஆறு மாசம் கழிச்சு ஆடலாம்" என்றார் அவர். "பண்ணாட்டி?" என்றாள். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். என்னைப் பார்த்தார். "டாக்டருக்கு வேலை இருக்குது, வா கண்ணு" என்று நான் அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தாரணிக்கு ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்று என் வீட்டுக்காரருக்கு எண்ணம். இந்த மாதத்துக்குள் தேதி வாங்கிவிடலாம் என்றார். எனக்கு வேண்டாம். ஆனால் நான் வேண்டாம் என்று சொன்னால் அது என் பேச்சு. "படிச்ச டாக்டரு சொல்றாரு, நீ என்ன சொல்றே?" என்பார். அதனால், "ஆத்தாகிட்டப் பூக் கேட்டுட்டுச் செய்யலாமுங்க" என்றேன். அவருக்குச் சந்தோஷம். என்னைவிட அவருக்குத்தான் ஆத்தாவிடம் நம்பிக்கை அதிகம். "அது செரி. ஆத்தா எது சொன்னாலும் நான் மறுபேச்சுப் பேசமாட்டேன், நீயும் பேசக் கூடாது கலாமணி" என்றார். சரி என்றேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை போனோம். இன்றோடு பதினெட்டு நாள். பஸ்ஸை விட்டு இறங்கிச் சோளக்காட்டு வழியாக நடக்கவேண்டும். பாதி தூரம் நான் தூக்கினேன், பாதி தூரம் அவர் தூக்கினார். பூசாரி பெயர் சம்பத்து. சின்ன வயசுதான். விசைத்தறி ஓட்டுகிறவர், செவ்வாயும் வெள்ளியும் பூசைக்கு வருவார். அன்றைக்கும் தறியிலிருந்து நேராக வண்டியில் வந்து இறங்கினார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"கொழந்தை எங்கீங்க?" என்று கேட்டார். பூ எடுக்கிற குழந்தையைக் கேட்டார். பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தையாக இருக்கவேண்டும். எப்போதும் அக்கம்பக்கத்துத் தோட்டத்திலிருந்து யாராவது பிள்ளை வரும். அன்றைக்குப் பள்ளிக்கூட நாள், ஒரு பிள்ளையும் இல்லை.

"நம்ம அம்மிணியே எடுக்கட்டுமே. ஆத்தாளுக்கு இதைவிட வேற கொழந்தை எதுக்குங்க?" என்று பூசாரி தாரணியின் கன்னத்தைத் தட்டினார். பிறகு என்னிடம், "அக்கா, எனக்கு ஒரு மணிக்கு ஷிப்டு. நான் தண்ணி எறச்சு ஆத்தாளுக்கு ஊத்தீட்டு வந்தர்றேன். பொட்டலத்தை நீங்களே கட்டி வெச்சுருங்க" என்று தட்டை நீட்டினார்.

தட்டில் வாழையிலைத் துண்டு இரண்டு, நூல், அரளிப்பூ. வெள்ளையில் ஒன்று. சிவப்பு ஒரு கை நிறைய, ஆத்தாவின் மாலைக்குப் பறித்ததில் மிச்சம். எங்கள் கோயிலில் அரளிதான். இரண்டும் ஒரே அளவு, தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

நான் தட்டோடு போய் மதில் ஓரமாக உட்கார்ந்தேன். முதலில் ஒழுங்காகத்தான் கட்டினேன். அதை நீங்கள் நம்பவேண்டும். ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. இரண்டையும் தட்டில் வைத்துவிட்டுப் பார்த்தேன். ஒன்றுக்கு ஒன்று. பாதிக்குப் பாதி. அந்தக் கோடு ஞாபகம் வந்தது. பாதி என்பது எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் தெரிந்தது அக்கா. கை தானாகப் போயிற்று. வெள்ளைப் பொட்டலத்தின் நூலை அவிழ்த்தேன். பூவை எடுத்தேன். அந்த இடத்தில் ஒரு சிவப்பை வைத்து மறுபடி கட்டினேன்.

ஆமாம். இரண்டிலும் சிவப்பு. மற்றவர்கள் பொட்டலத்துக்கு மூடியிருக்கும்போது இரண்டு பதில். நான் கட்டியதற்கு ஒரே பதில்தான்.

வெள்ளைப் பூவை என்ன செய்வது? சாமி பூவைத் தரையில் போடக் கூடாது, காலில் பட்டால் பாவம். அரளியைத் தலையில் வைக்கிற வழக்கமும் இல்லை. இடுப்புச் செருகலில் வைத்துக்கொண்டேன். வெளியே தெரியாதபடி நன்றாக உள்ளே தள்ளிவிட்டேன்.

யாரும் பார்க்கவில்லை. பூசாரி கிணற்றடியில் இருந்தார். வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். தாரணி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வேப்பங்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் முகம் அந்தப் பக்கம்தான் இருந்தது. கொஞ்ச நேரம் இந்தப் பக்கமும் இருந்தது. இருந்தால் என்ன, குழந்தை.

தட்டை வாசல்படியில் வைத்தோம். பூசாரி கற்பூரம் காட்டினார். வீட்டுக்காரர் கண்ணை மூடிக் கும்பிட்டார், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. நானும் கண்ணை மூடினேன். ஆனால் கும்பிட வாய் வரவில்லை. என்னவென்று கும்பிடுவது? ஆத்தா, நான் கட்டியதைப் பார்க்காதே என்றா?

"அம்மிணி, ஒண்ணு எடுத்துக்க சாமி. உள்ள போயி ஆத்தா முன்னால பிரிச்சுப் பூவைக் கொண்டாருவியாம்" என்றார் பூசாரி.

தாரணி நேராகத் தட்டுக்குப் போகவில்லை. என்னிடம் ஓடி வந்தாள். நாலு எட்டுத்தான், அதற்கே மூச்சு வாங்கியது. இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முகத்தை என் வயிற்றில் வைத்து அழுத்தினாள். பாவம், பயந்துவிட்டாள் என்று தலையைத் தடவிக் கொடுத்தேன். "பயப்படாதே கண்ணு, ஆத்தா ஒண்ணும் பண்ணாது" என்றேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். அப்புறம் என்னை விட்டுவிட்டுப் போய் இடது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். அவள் குனியவே வேண்டியிருக்கவில்லை. அந்த வாசல் அவள் உயரத்துக்குச் சரியாக இருந்தது.

நான் நிம்மதியாக நின்றேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நிம்மதியாகத்தான் நின்றேன். வீட்டுக்குப் போய் என்ன சமைக்கலாம் என்றுகூட நினைத்தேன்.

அவள் வெளியே வந்தாள். கையை நீட்டினாள். உள்ளங்கையில் வெள்ளை அரளி.

"வெள்ளைங்கோ!" என்று பூசாரி கத்தினார். வீட்டுக்காரர் அப்படியே படியில் விழுந்து கும்பிட்டார். நான் கட்டின பொட்டலம், அக்கா. என் கையால் கட்டினது. அதிலிருந்து வெள்ளை எப்படி வரும்? குனிந்து உள்ளே பார்த்தேன். ஆத்தாவின் காலடியில் இலையும் நூலும் கிடந்தன. சுற்றிலும் சிவப்பு அரளி, மாலையிலிருந்து உதிர்ந்தது, ஒரு குவியல். ஆத்தாவின் கண் என்னையே பார்த்தது. மற்றப் பொட்டலத்தைப் பூசாரி எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றில் போட்டார். விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

என்னால் வாய் திறக்க முடியுமா? அதில் வெள்ளையே இல்லை என்று சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே.

இன்னும் கேளுங்கள். பஸ் ஏறின பிறகு இடுப்பில் கை வைத்துப் பார்த்தேன். நான் ஒளித்து வைத்த பூ இல்லை. எழுந்து நின்று உதறிப் பார்த்தேன். இல்லை. விழவும் விழாது, அவ்வளவு உள்ளே தள்ளியிருந்தேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆத்தா என் இடுப்பிலிருந்தே எடுத்துக்கொண்டாள். நீ ஒளிக்கிறாயா, நான் எடுக்கிறேன் பார் என்று என் மடியிலேயே கையை விட்டு எடுத்திருக்கிறாள். எனக்குத் தெரியவேயில்லை. வேறு யார் எடுக்க முடியும், நீங்களே சொல்லுங்கள்.

பக்கத்தில் தாரணி ஜன்னலோரம் உட்கார்ந்து விரலை முகர்ந்துகொண்டிருந்தாள். "அரளி கசப்பு, கையை வாயில வெக்காதே" என்று துடைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு இந்தப் பயம். ஆத்தா சம்மதம் சொல்லிவிட்டாள், சரி. ஆனால் சாமியை ஏமாற்றப் பார்த்தவளை ஆத்தா சும்மா விடுவாளா? தண்டனையை எனக்குக் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். பண்ணாரி நெருப்பில் என் கால் வெந்தால் வேகட்டும். தாய் செய்ததைப் பிள்ளை மேல் காட்டிவிட்டால்? அதுவும் ஒரு கயிறுகூட இல்லாமல் படுத்திருக்கிற பிள்ளை மேல்?

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. இப்போது அவர் ரத்தம் கொடுக்கிற இடத்தில் நிற்கிறார். ஆத்தா வாக்குக் கொடுத்துவிட்டாள் என்று சிரித்த முகமாக நிற்கிறார். அந்த முகத்திடம் எப்படிச் சொல்வது?

தாரணியிடம்தான் சொன்னேன். காலையில், பச்சைத் துணி மாட்டிக் கட்டிலில் உட்கார வைத்திருந்தார்கள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. கதவைச் சாத்திவிட்டு அவள் காதருகில் குனிந்து, "கண்ணு, அம்மா ஒரு தப்புப் பண்ணீட்டேன். அன்னைக்கு ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புத்தான் வெச்சேன். நெசமா வெள்ளையே இல்லை. உனக்கு வேண்டாம்னாச் சொல்லு, இப்பவே வீட்டுக்குப் போயிரலாம். அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்" என்றேன்.

அவள் அழுவாள், பயந்துபோய் என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று பையைக்கூட எடுத்து வைத்திருந்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது."

"சொல்லாதேம்மா" என்றாள். "நானும் சொல்லமாட்டேன்."

அதற்குள் வார்டு ஆள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். வேடிக்கையாகப் பேசுகிறவர். "மகாராணி எப்படி வர்றீங்க? வண்டியிலயா, இல்லை அம்மா இடுப்புலயா?" என்றார். நான் கையை நீட்டினேன். தாரணி கட்டிலிலிருந்து இறங்கி வாசலுக்குப் போய் வெளியே எட்டிப் பார்த்தாள்.

"எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள்.

"அதோ, அந்தக் கதவு வரைக்கும்."

இதே வழிதான் அக்கா, இந்த நாற்காலிகளுக்கு முன்னால்தான். நாற்பது தப்படி இருக்கும்.

நடந்தே வருவதாகச் சொன்னாள். நடந்து போனாள். பாதியில் ஒரு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் போனாள்.